பிற்கால ராஜா: பட்டியலை யார் போட்டது?

1

இளையராஜாவின் பிற்காலப் பாடல்களைப் பற்றி நடக்கிற விவாதத்தில் இரண்டே கட்சிகள்தான். ஒரு கட்சி, 1992ல் 'ரோஜா' வந்ததோடு ராஜா கதை முடிந்தது, அதற்கப்புறம் வந்ததெல்லாம் சரக்குத் தீர்ந்த கடையின் மிச்சம் என்கிறது. இன்னொரு கட்சி, அவர் தும்மினாலும் ராகம்தான், பிடிக்கவில்லையென்றால் கோளாறு உன் காதில்தான் என்கிறது. உடுமலையில் டீக்கடையிலோ, இலக்கியக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்திலோ எங்கே இந்தப் பேச்சு கிளம்பினாலும் அரைமணி நேரத்துக்குள் இந்த இரண்டு மூலைகளில் போய் எல்லோரும் ஒதுங்கிவிடுகிறார்கள். நடுவில் நிற்கிறவனைப் பார்த்து, 'நீங்க எந்தப் பக்கமுங்க?' என்று கேட்கிறார்கள்.

எந்தப் பக்கமும் இல்லை. இந்த இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தான் என்பது என் வாதம். முடிந்துபோனார் என்கிறவனும் கேட்பதில்லை, தெய்வம் என்கிறவனும் கேட்பதில்லை. முதலாமவனுக்குத் தீர்ப்பு முன்பே எழுதியாகிவிட்டது, இரண்டாமவனுக்குத் தீர்ப்பு சொல்வதே பாவம். ஒரு இசைஞன் ஐம்பது ஆண்டுக்காலம் ஓயாமல் வேலை செய்திருக்கிறான். அதில் பிந்திய முப்பது ஆண்டு வேலையை யாரும் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் நடந்திருக்கிறது. 1998ல் பிரேம்-ரமேஷ் 'இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்' எழுதினார்கள். அப்படியான அக்கறை பிற்கால வேலைகளின்மேல் போதுமான அளவு திரும்பவில்லை. திரும்பாததற்குக் காரணம் ராஜாவிடம் இருக்கிறதா, நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2

பிற்கால ராஜாவைப் பற்றிச் சொல்லப்படுகிற முதல் குற்றச்சாட்டு, அவை 'ஏற்ற இறக்கமாக' இருக்கின்றன என்பது. ஒரு படத்தில் ஒரு பாட்டு தேறுகிறது, நாலு பாட்டு தேறுவதில்லை. உண்மைதான். ஆனால் இது எப்போது இல்லாமல் இருந்தது?

ஒரு சின்னக் கணக்கு. எண்பதுகளில் வருஷத்துக்கு நாற்பது படங்களைத் தாண்டி அவர் இசையமைத்த ஆண்டுகள் உண்டு. படத்துக்கு ஐந்து பாட்டு என்று வைத்தாலும் வருஷத்துக்கு 200 பாட்டு. பத்து வருஷத்துக்கு 2000. இன்றைக்கு 'ராஜா பொற்காலம்' என்று பேசுகிற ஒருவரை உட்கார வைத்து, அந்தப் பத்தாண்டில் உங்களுக்கு நினைவிருக்கிற பாட்டுகளைச் சொல்லுங்கள் என்றால் நூறு சொல்வார். ரொம்பத் தீவிரமான ரசிகர் முந்நூறு சொல்வார். மீதி 1700 பாட்டு எங்கே போனது? அவையும் ராஜா போட்டவைதான். அவசரத்தில் போட்டவை, ஒரு மெட்டையே திருப்பி மடித்துப் போட்டவை, டைரக்டரின் தலைவிதிக்காகப் போட்டவை. அவற்றை மறந்தோம். மறந்தது நல்லதுதான். ஆனால் மறந்தோம் என்பதையும் மறந்துவிட்டோம். அதனால்தான் அந்தக் காலம் முழுக்கப் பொன்னாகத் தெரிகிறது.

இந்த மறப்பு தானாக நடக்கவில்லை. அதற்கு ஒரு தொழில்நுட்பமும் ஒரு சமூகமும் இருந்தன. எண்பதுகளில் எங்கள் மாதிரி ஊர்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெள்ளைத் தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தால் எல்.பி. ரெக்கார்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு. அந்தப் பதின்மூன்றுக்குள் எது வரவேண்டும், எதைத் தள்ளவேண்டும் என்று வாரக்கணக்கில் யோசித்துத்தான் அந்தத் தாள் எழுதப்பட்டது. கையில் இருக்கிற காசு ஒரு கேசட்டுக்குத்தான். கடைக்காரர் தாளைப் பார்த்து, 'இது வேண்டாமுங்க, இதே படத்துல இன்னொன்னு இருக்குது, கேட்டுப் பாருங்க' என்பார். அந்தத் தாள் ஒரு விமர்சனப் பிரதி. அந்தக் கடை ஒரு விமர்சன மேடை. இலங்கை வானொலியிலும் கோவை வானொலியிலும் ஊர் பேர் சொல்லிப் போட்ட நேயர் விருப்பம், மில் ஷிப்ட் விட்டு வருகிற பஸ்ஸில் டிரைவர் போடுகிற கேசட், தையல்கடை டேப் ரிக்கார்டர், கல்யாண வீட்டுச் சவுண்ட் சர்வீஸ் — இவையெல்லாம் சேர்ந்து ஒரு மாபெரும் சல்லடையாக வேலை செய்தன. ராஜா 2000 பாட்டைக் கொட்டினார். ஜனங்கள் சலித்து முந்நூறை எடுத்துக்கொண்டார்கள். 'பொற்காலம்' என்று நாம் சொல்வது அந்தச் சல்லடையில் நின்றதைத்தான்.

பிற்கால ராஜாவுக்கு அந்தச் சல்லடை இல்லை. கேசட் போயிற்று, ரெக்கார்டிங் சென்டர் போயிற்று. பாட்டு இன்றைக்கு இலவசமாக, முழுசாக, ஒரே நாளில் எல்லார் செல்போனிலும் வந்து விழுகிறது. எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமில்லை. எனவே தேர்வும் இல்லை. சலிக்காமல் அள்ளிப் பார்த்தால் கல்லும் உமியும் இருக்கத்தான் செய்யும். சலித்த அரிசியையும் சலிக்காத அரிசியையும் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா விளைச்சல் கெட்டுப்போயிற்று என்பது என்ன நியாயம்?

பொள்ளாச்சி - உடுமலை - பழனி ரோட்டில் தனியார் பஸ் ஓட்டுகிற நண்பர் ஒருவர் சொன்னார்: 'முப்பது வருசமா அதே அறுபது பாட்டுத்தானுங்க ஓடுது. புதுசு போட்டா ரெண்டாவது நிமிசத்துல பின்னாடியிருந்து, அதை மாத்துங்கண்ணாங்கறாங்க. அது ராஜா பாட்டுத்தானுங்கன்னா நம்பறதில்ல.' இந்த அறுபது பாட்டு நெகிழ்ந்து கொடுக்காத ஒரு பட்டியலாக இறுகிவிட்டது. ஒரு காலத்தில் ஜனங்களின் விமர்சனமாக இருந்தது, இப்போது விமர்சனத்துக்குத் தடையாக உட்கார்ந்திருக்கிறது. ராஜாவேகூட அந்தப் பட்டியலுக்குள் திரும்பிப் போய்ச் சுரங்கம் தோண்டவேண்டி வந்தது. 2007ல் 'சீனி கம்' இந்திப் படத்தில் 'மௌன ராகம்' (1986) மெட்டு மறுபடி வருகிறது. 2014ல் 'மேகா'வில் எண்பதுகளின் பழைய பாட்டு ஒன்று புது ஒலியில் வருகிறது. சந்தை அவரிடம் கேட்பதும் அவருடைய பழைய பட்டியலைத்தான்.

3

இது தமிழ்நாட்டு விவகாரம் மட்டுமில்லை. 1983ல் அமெரிக்காவில் ஒரு வழக்கு. நீல் யங் என்கிற ராக் இசைக் கலைஞர்மேல் அவருடைய ரெக்கார்டு கம்பெனியான கெஃபனே வழக்குப் போட்டது. குற்றம் என்னவென்றால், அவர் கொடுத்த புதிய ஆல்பங்கள் நீல் யங் ஆல்பங்கள்போல இல்லை என்பது. தன்னைப்போலத் தானே ஒலிக்கவில்லை என்று ஒரு கலைஞன்மேல் வழக்கு! கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நம்மூர் ரசிகன் தினமும் ராஜாமேல் போடுகிற வழக்கு அதுதான். 'ராஜா பாட்டு மாதிரியே இல்லீங்களே' என்கிற ஒற்றை வாக்கியத்தில் அந்த முழு மனுவும் அடக்கம்.

கலைஞர்களின் பிற்காலம் பற்றி அடோர்னோ 1937ல் பீத்தோவனை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எட்வர்ட் சய்த் அதிலிருந்து கிளம்பி எழுதியது அவர் இறந்தபிறகு 2006ல் புத்தகமாக வந்தது. வயதானால் கலை கனியும், அமைதியும் நிறைவும் வரும் என்கிற பொதுப்புத்தியை இருவரும் மறுக்கிறார்கள். பெரிய கலைஞர்களின் பிற்காலப் படைப்பு பலசமயம் கரடுமுரடானது, ஒட்டாதது, உடைந்தது. தன் காலத்தோடு சமரசமாகாமல் நிற்பது. கேட்பவனைத் தடவிக் கொடுக்காதது.

இதை அப்படியே தூக்கிவந்து ராஜாவின் தலையில் வைத்து, ஆகவே அவருடைய தேறாத பாட்டெல்லாம் 'பிற்காலப் பாணி' என்று தப்பித்துவிடவும் முடியாது. சோம்பலுக்கும் பிடிவாதத்துக்கும் வித்தியாசம் உண்டு. கீபோர்டில் விரித்துவிட்ட தந்திக்கருவிச் சத்தம், யாருக்கோ போட்டுவைத்த தாளக்கட்டு, தமிழ் உச்சரிப்பே வராத குரல், அவரே எழுதிப் போட்டுக்கொண்ட சப்பையான வரிகள் — இவை பிற்காலப் பாணி இல்லை, கவனக்குறைவு. ஆனால் 'ஹே ராம்' (2000) என்ன? வேறொருவர் இசையமைப்பில் ஏற்கனவே படமாக்கிய பாட்டுக் காட்சிகளுக்கு, நடிகர்களின் உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி புதிய மெட்டுகளைப் போட்டுக் கொடுத்தார். எண்பதுகளில்கூடச் செய்யாத ஒரு வேலை. 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) படத்தில் பாட்டே கிடையாது. பாட்டால் வாழ்ந்த ஒரு மனுஷன் பாட்டே இல்லாத ஒரு படத்தை, ஒரு ராத்திரியை, முழுக்கத் தந்திக்கருவிகளின் பதற்றத்தில் தூக்கி நிறுத்துகிறார். இதைச் 'சரக்குத் தீர்ந்தவர்' செய்ய முடியுமா? 1992ல் முடிந்துபோனவர் என்று சொல்கிறவர்கள் 'மோகமுள்', 'சிறைச்சாலை', 'காதலுக்கு மரியாதை', 'சேது', 'பாரதி', 'அழகி', 'பிதாமகன்', 'விருமாண்டி' எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? அவையும் நின்றவைதானே. ஆக, 1992 என்பது ராஜாவின் வரலாற்றில் உள்ள ஒரு கோடு இல்லை. கேட்பவர்களின் வரலாற்றில் உள்ள கோடு. அந்த வருஷத்தோடு ஒரு தலைமுறை தன் இளமையை மூடி வைத்துவிட்டது. அவ்வளவுதான்.

4

சரி, அந்தப் பொற்காலம் யாருடைய பொற்காலம்? இதைக் கேட்காமல் இந்த விவாதத்தை முடிக்க முடியாது, குறிப்பாக இந்த ஊரிலிருந்து எழுதுகிறபோது.

'சின்ன கவுண்டர்' 1992. 'தேவர் மகன்' 1992. 'எஜமான்' 1993. மூன்றுக்கும் இசை ராஜா. நடுவில் சொன்னதும் கடைசியில் சொன்னதும் எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் படமெடுத்தவை. பெரிய வீடு, திண்ணை, தீர்ப்புச் சொல்கிற நல்ல எஜமான், கைகட்டி நிற்கிற ஜனம் — இந்தக் கிராமத்தை அழகாக்கிக் காட்டியதில் கேமராவைவிடப் புல்லாங்குழலுக்குத்தான் பங்கு அதிகம். 'தேவர் மகன்' பாட்டு ஒன்று இன்றுவரை சாதி ஊர்வலங்களில் ஒலிக்கிறது. பண்ணைப்புரத்தின் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர் ஆதிக்க சாதிகளுக்குத் தேசியகீதம் போட்டுக் கொடுத்தார் என்று தலித் தோழர்கள் சொல்கிறபோது, அதில் கோபம் மட்டுமில்லை, விமர்சன உண்மையும் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1976ல் 'அன்னக்கிளி' தெங்குமரஹாடாவிலிருந்து வந்தபோது, சேற்றிலும் களத்துமேட்டிலும் இருந்த தொண்டை சினிமாவுக்குள் நுழைந்தது. சபா வாசலில் நின்றுகூடப் பார்த்திராத ஜனங்கள் தங்கள் தாளத்தை வயலின்களோடு கேட்டார்கள். அது சின்ன விஷயமில்லை. இந்த இரண்டும் ஒரே மனிதரின் வேலை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அடித்துவிட முடியாது.

மேலே சொன்ன சல்லடையை இப்போது திரும்பப் பார்க்கலாம். அந்தப் பட்டியல்களை ஜனங்கள் போட்டார்கள் என்றேன். எந்த ஜனங்கள்? டேப் ரிக்கார்டர் யார் வீட்டில் இருந்தது? கோவில் நோம்பிக்கு மைக்செட் எந்தத் தெருவை நோக்கிக் கட்டியிருந்தது? ஊரிலும் அதே ராஜா பாட்டு, காலனியிலும் அதே ராஜா பாட்டு. ஒரே நேரத்தில் இரண்டு குழாயும் பாடும். பாட்டு ஒன்றுதான், டீக்கடையில் டம்ளர்தான் வேறு. 'அப்பெல்லாம் ஊரே ஒண்ணாக் கேட்டமுங்க' என்று ஏக்கத்தோடு சொல்கிறபோது, அந்த 'ஒண்ணா' என்கிற சொல் எதை மூடுகிறது என்று பார்க்க வேண்டும். பொற்காலம் பற்றிய ஏக்கம் பாட்டைப் பற்றிய ஏக்கம் மட்டுமில்லை. கேள்வி கேட்காத ஒரு கிராமத்தைப் பற்றிய ஏக்கமும்கூட.

2016 மார்ச் 13ந் தேதி, பட்டப்பகலில், எங்கள் உடுமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட குற்றத்துக்காகச் சங்கர் என்கிற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். அந்த இடத்தைத் தாண்டித்தான் ராஜா பாட்டு ஒலிக்கிற பஸ்கள் இன்றைக்கும் போகின்றன. இதற்குப் பாட்டு பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் 'ஊரே ஒண்ணாக் கேட்ட' அந்த ஊர் எது என்று அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு நாம் கூசாமல் பேச முடியாது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2016 பொங்கலுக்கு, பாலாவின் 'தாரை தப்பட்டை' வந்தது. ராஜாவின் ஆயிரமாவது படம் என்று விளம்பரம் செய்தார்கள். பின்னணி இசைக்கு தேசிய விருதும் வந்தது. படம் ஓடவில்லை, பாட்டும் பஸ்ஸில் ஏறவில்லை. இதை 1989ன் 'கரகாட்டக்காரன்' பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் கரகாட்டக் குழுவைப் பற்றியது. 'கரகாட்டக்காரன்' திருவிழா. நையாண்டி மேளம் அதில் சந்தோஷத்தின் சத்தம். ஆடுகிறவளின் பசியும் அவமானமும் அந்தச் சத்தத்துக்குக் கீழே எங்கோ அமுங்கிக் கிடக்கும். 'தாரை தப்பட்டை'யில் அதே மேளம் நம்மை அடிக்க வருகிறது. தாளம் முடுக்குகிறது, மூச்சு விட இடமில்லை. நடுவே ஒரு திருவாசகப் பாடல் வந்து உட்காருகிறது. ஆறுதலாக இல்லை, முறையீடாக. படத்தின் வன்முறையிலும் பெண்ணைக் காட்டும் விதத்திலும் எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. ஆனால் இசை அந்த இருபத்தாறு வருஷ இடைவெளியில் எதையோ கண்டுகொண்டிருக்கிறது. 1989ன் திருவிழாவுக்கு அதே ஆள் எழுதிய மறுவாசிப்பு அது. நம் பட்டியலில் 'கரகாட்டக்காரன்' இருக்கிறது, 'தாரை தப்பட்டை' இல்லை. ஏன் இல்லை என்பது அழகியல் கேள்வி மட்டும்தானா?

5

இவ்வளவையும் பேசவிடாமல் தடுக்கிறது ஒன்று இருக்கிறது. அது தெய்வமாக்குதல்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு முன் அனுபவம் உண்டு. பக்கத்துப் பூளவாடியில் 1899ல் பிறந்தவர் உடுமலை நாராயணகவி. நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போய், 'வேலைக்காரி', 'பராசக்தி' காலத்தில் சீர்திருத்தத்தையும் கிண்டலையும் ஜனங்களின் வாயில் போட்டவர். 1981ல் மறைந்தார். ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மண்டபம் தெரிந்தவர்களில் அவருடைய பாட்டு பத்தைச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? எந்தப் பாட்டு இன்றைக்கும் உறைக்கிறது, எந்தப் பாட்டில் பெண்களைப் பற்றிய பார்வை பழசாகிவிட்டது என்று யாராவது சண்டை போடுகிறார்களா? மண்டபம் கட்டியதோடு கேட்பதை நிறுத்திவிட்டோம். ஒரு கலைஞனைக் கைகழுவ மரியாதையான வழி அவனைக் கும்பிடுவது.

'இசைஞானி' என்ற பட்டம், ராகதேவன் என்ற அடைமொழி, 2010ல் பத்ம பூஷண், 2018ல் பத்ம விபூஷண், 2025 மார்ச் 8ல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்த சிம்பொனி, அதே ஆண்டு செப்டம்பரில் அரசு எடுத்த விழா. எல்லாம் அவருக்கு உரியவைதான். வாங்கட்டும். ஆனால் அந்த 'வேலியன்ட்' சிம்பொனியைப் பற்றித் தமிழில் நடந்த பேச்சில் எத்தனை விழுக்காடு இசையைப் பற்றியது? 'ஒரு தமிழன் சாதித்தான்' என்பதற்கு மேல் ஒரு வரி தேறுமா? நாலு பகுதிகளில் எது நிற்கிறது, எது இழுக்கிறது? கேட்டால் துரோகி. தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் எல்லோரும் ரோலான் பார்த்தைப் பிடித்துக்கொண்டு ஆசிரியன் செத்துவிட்டான் என்று ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். ராஜா விஷயத்தில் மட்டும் அந்த ஆசிரியன் மூலஸ்தானத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

நம் தரப்பிலும், அதாவது இயக்கம் சார்ந்த தோழர்கள் தரப்பிலும், இதன் தலைகீழ் ஒன்று நடக்கிறது. 2022 ஏப்ரலில் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்ட ஒரு புத்தகத்துக்கு ராஜா முன்னுரை எழுதினார். ஜூலையில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அந்த ஒப்பீடு பிழையானது, அம்பேத்கரின் சிந்தனைக்கு நேரெதிரானது. அதை எழுத்துக்கு எழுத்தாக மறுக்க வேண்டும், மறுத்தோம். ஆனால் அதன்பிறகு பல தோழர்கள் பாட்டையே பின்னோக்கித் திருத்திக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 'அப்பவே தெரியுமுங்க, மனுசன் திருவாசகம் பக்கம் போனப்பவே தெரியும்' என்கிறார்கள். இவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தம்பியையும் கூட்டிக்கொண்டு பிரச்சாரத்துக்குப் போனவர். எங்கள் ஊரிலிருந்து மறையூர் வழியாக மலையேறினால் மூணாறுக்கு அப்பால் அந்தத் தேவிகுளம். அங்கிருந்து மாநிலங்களவைக்கு வந்த பாதையை நாம் விமர்சிக்கலாம், விமர்சிக்க வேண்டும். ஆனால் அந்தப் பாதையின் மேல் 2005 திருவாசகத்தையும் 2009 'நான் கடவுள்' படத்தையும் 2023 'விடுதலை'யையும் கோர்த்து, பார் சரிந்துகொண்டே வருகிறார் என்று ஒரு ஒற்றைக்கோட்டுக் கதையாடலைக் கட்டுவது விமர்சனமாகாது. அதுவும் ஒரு பக்திதான். சாமி கைவிட்டுவிட்டது என்று கோபித்துக்கொள்கிற பக்தி.

பதிப்புரிமைச் சண்டையும் இங்கேதான் வருகிறது. 2017ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு மேடைக் கச்சேரிக்காக வக்கீல் நோட்டீஸ், 2024ல் 'குணா' பாட்டுக்காக 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தாருக்கு நோட்டீஸ். 'இத்தனை சம்பாதிச்சும் இன்னும் காசு கேக்கறாரே' என்று ரசிகர்களே முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உழைத்தவன் தன் உழைப்பின்மேல் உரிமை கேட்கிறபோது, குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன் கேட்கிறபோது, அது மட்டும் ஏன் பேராசையாகத் தெரிகிறது? கம்பெனிகள் நாற்பது வருஷமாகச் சம்பாதித்தது யாருக்கும் உறுத்தவில்லையே. அதேசமயம், அந்தப் பாட்டில் பாடகருக்கும் கவிஞருக்கும் பேர் தெரியாத வயலின்காரருக்கும் தபலாக்காரருக்கும் பங்கு என்ன என்ற கேள்வியையும் விட முடியாது. உரிமை ஒருவரோடு நிற்கிற சங்கதி இல்லை. தெய்வத்துக்கு ராயல்டி தேவையில்லை, தொழிலாளிக்குத்தான் தேவை. ராஜா நோட்டீஸ் அனுப்புகிறபோது, தான் தெய்வமில்லை, வேலை செய்கிறவன் என்று அவரே சொல்கிறார். ரசிகனுக்குத்தான் அது கேட்கவில்லை.

6

வேலை செய்கிறவன் என்றால் அவன் வேலையை வேலையாகப் பார்க்கலாம். நல்ல வேலை, சுமாரான வேலை, கெட்ட வேலை. பழைய ரெக்கார்டிங் சென்டர் தாளை மறுபடி எடுத்து, பிற்கால ராஜாவுக்கு ஒரு பட்டியல் போடலாம் என்பது என் யோசனை. அறுபது நிமிஷம், அதற்கு மேல் கிடையாது.

என் தாளில் 'ஹே ராம்' வரும். 'பிதாமகன்' படத்திலிருந்து ஒன்று. 'விருமாண்டி'யில் இரண்டு, ஒன்று மெதுவானது. 'நந்தலாலா' (2010) படத்தின் பின்னணி இசையில் பத்து நிமிஷம். 'அழகர்சாமியின் குதிரை' (2011) வரும், அந்தப் படத்தின் சின்ன மனிதர்களுக்குச் சின்ன ஒலிகளைக் கொடுத்ததற்காக. 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' வரும். மேலே சொன்ன காரணத்தால் 'தாரை தப்பட்டை' கட்டாயம் வரும். 'சைக்கோ' (2020) படத்தில் சித் ஸ்ரீராம் பாடியது வரும். 'விடுதலை' முதல் பாகத்தில், எழுபத்தொன்பது வயதில் அனன்யா பட்டோடு சேர்ந்து அவரே பாடியது வரும். அந்தக் குரல் தேய்ந்திருக்கிறது, மேலே போகத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை மறைக்காமல் விட்டிருக்கிறார். காட்டுக்குள் போலீஸ் நடத்துகிற வேட்டையைப் பற்றிய ஒரு படத்தில், நிதானமாக நடந்து போகிற இந்தப் பாட்டு என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

'நீதானே என் பொன்வசந்தம்' (2012) என் பட்டியலில் வராது. லண்டனில் பதிவு செய்ததும் எட்டுப் பாட்டு என்பதும் தவிர்த்துச் சொல்ல எனக்கு அதில் அதிகமில்லை. நடுத்தர வர்க்கத்து இளவட்டங்களின் சிணுங்கலுக்கு இவ்வளவு பெரிய வாத்தியக் கூட்டம் எதற்கு என்றுதான் தோன்றுகிறது. இதைச் சொன்னதற்காக ஒரு நண்பர் நாலு நாள் பேசவில்லை. 'அதுல முதல் பாட்டோட வயலினைக் கேட்டுமா இப்படிச் சொல்றீங்க?' என்று ஐந்தாவது நாள் வந்தார். ரெண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். நான் மாறவில்லை. ஆனால் அவர் 'வயலின்' என்றார். ராஜா என்றோ தெய்வம் என்றோ சொல்லவில்லை. விவாதம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

என் பட்டியலில் உள்ள குறை எனக்குத் தெரிகிற அளவுக்குத் தெரிகிறது. பெரும்பாலும் இருண்ட படங்கள், ஆண் டைரக்டர்கள், தீவிரமான சினிமா என்று பேர் வாங்கியவை. இதில் சிறுபத்திரிகை ருசியின் வாடை அடிக்கிறது. பவர்லூம் சத்தத்துக்கு நடுவே பாட்டுக் கேட்கிற ஒரு பெண் தொழிலாளி போடுகிற தாள் வேறாக இருக்கும். காலனிக்கு மறுபடி மைக்செட் கட்டினால் இன்றைக்கு அங்கே எந்த ராஜா ஒலிப்பார், அல்லது ராஜாவே வேண்டாமென்று வேறு யார் ஒலிப்பார்கள் என்பதும் தெரிய வேண்டும். ராஜா தன் பங்குக்கு இன்னமும் கொட்டிக்கொண்டிருக்கிறார், நல்லதும் பொல்லாததுமாக. சலிக்கிற வேலை எப்போதும் நம்முடையதாகத்தான் இருந்தது. தோழர்கள் தங்கள் தாளை எழுதி அனுப்பட்டும். பதின்மூன்று பாட்டு. எதை ஏன் எடுத்தீர்கள் என்பதற்கு ஒரு வரி, எதை ஏன் தள்ளினீர்கள் என்பதற்கு இரண்டு வரி.